சம்பந்தி திறந்த சிப்பி

தம்பி, குறை நினைக்காதேங்கோ, உந்த வாளியைக் கொஞ்சம் அங்காலை தள்ளி வைக்கிறீங்களோ? மூடி போட்டுத்தான் கிடக்கு, ஓம், காணுறன். எண்டாலும் மணக்குது. இல்லை இல்லை, பழுதாப் போகேல்லை. பழுதாப் போனால் அது வேறை நாத்தம். இது நல்ல சிப்பிதான். நல்ல சிப்பியின்ரை மணம்தான் எனக்கு ஆகாது.

இந்த ரயிலுக்குள்ளை நீங்கள் போனிலை தமிழ் கதைச்சது காதிலை விழுந்தது, அதுதான் வந்து முன்னாலை இருந்திட்டன். இந்தியாவோ? எந்தப் பக்கம்? கோயம்புத்தூரோ. ஆ. அங்கத்தை ஊருகள் எனக்கு ஒண்டும் தெரியாது. அதுவும் நல்லதுக்குத்தான். எங்கடை ஆக்கள் எண்டால் நான் ஊரைக் கேப்பன், ஊரிலை எவ்விடம் எண்டு கேப்பன், கோயிலுக்கு எந்தப் பக்கத்து வீதி எண்டு கேப்பன். நாலாவது கேள்வியிலை ஆள் ஆரெண்டு தெரிஞ்சிடும். பிறகு அதுக்கேத்த மாதிரித்தான் வாயைத் திறக்கோணும். உங்களோடை அந்தக் கரைச்சல் இல்லை. எங்கடை பாசை விளங்குதோ? விளங்காட்டிக் கேளுங்கோ, வெக்கப்படாதேங்கோ.

ஃபானோத் தீவுக்குப் போய்ப் பொறுக்கினீங்களாக்கும். ஒருதன் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவனோ? ஆர், வெள்ளைப் பெடியனோ, எங்கடை நிறமோ? வெள்ளையோ. சரி. அப்ப இண்டைக்கு அவனுக்கு லீவு. இல்லை, சும்மா கேட்டனான். என்ரை மகனும் உந்த வேலைதான் செய்யிறவன். மழை குளிர் எண்டில்லை, கடல் வத்தின நேரம் பாத்துச் சனத்தைச் சேத்துக்கொண்டு சேத்துக்குள்ளை இறங்கி, இதுதான் சிப்பி, இப்பிடித்தான் திறக்கிறது எண்டு காட்டிறவன். டொக்டருக்குப் படியடா எண்டு தலைப்பாடா அடிச்சனான். அவன் கடலுயிரைப் பற்றிப் படிச்சுப்போட்டு மட்டி எண்ணிறான். ஒரே ஒரு பிள்ளை, தம்பி. ஆரூரன் எண்டு பேர். அவன் என்னோடை கதைச்சு மூண்டு வருசமாகுது. உந்தச் சிப்பியாலை.

சிரிக்காதேங்கோ. உண்மையாத்தான் சொல்லுறன். உந்தச் சிப்பி இந்தக் கடலுக்கு வராமல் இருந்திருந்தால் என்ரை பிள்ளை இண்டைக்கும் என்ரை குசினிக்குள்ளை வந்து சட்டியைத் திறந்து பாத்துக்கொண்டுதான் இருப்பான்.

அது வந்த கதை உங்களுக்குச் சொன்னவங்களோ? யப்பான் பக்கத்துச் சாமான் அது. இஞ்சை இருந்ததில்லை. கீழை ஜேர்மன்காரர் வளத்து விக்கலாம் எண்டு கொண்டு வந்தவை. தண்ணி குளிர், இஞ்சை பெருகாது எண்டு நம்பினவை. பெருகாதாம்! கடல் கொஞ்சம் சூடேறினதுதான் தாமதம், குஞ்சுகள் தண்ணியோடை தண்ணியா மேலை வந்து, இஞ்சத்தை நீல மட்டி இருந்த திட்டியெல்லாம் ஏறி ஒட்டிக்கொண்டுது. ஒண்டுக்கு மேலை ஒண்டு, அதுக்கு மேலை இன்னொண்டு. சுத்தியலாலை அடிச்சாலும் கழராது. ஒருதரைக் கேட்டு வந்ததோ? இல்லை. வந்து இருந்திட்டு இப்ப கடலே தன்ரை எண்டமாதிரி நிக்குது. இருக்கிற ஆக்களுக்கு ஒரு மரியாதை குடுக்கத் தெரியோணும், தம்பி, அதைத்தான் நான் சொல்லுறது. நாங்கள் எண்பத்தேழிலை கிழக்கு பேர்லினாலை டென்மார்க்குக்குக் கள்ளமா வந்தனாங்கள். வந்த கையோடை இவர், அதான் என்ரை மனுசன், எஸ்பியரிலை மீன் பக்டரியிலை சேந்திட்டார். நான் முதியோர் இல்லத்திலை துப்புரவு வேலை. ஒருதற்றை இடத்தையும் பிடிச்சனாங்களோ? அது வேறை.

மகனிட்டைச் சொன்னால் சிரிப்பான். "அம்மா, நாங்களும் முதல்லை பயந்தனாங்கள்தான், மட்டி அழியப்போகுதெண்டு. இப்ப பாத்தால் மட்டி சிப்பிக்கு இடையிலை இறங்கி இருக்குது. மேலை சிப்பி நிக்கிறதாலை பறவையளாலை கொத்தேலாது. ரண்டும் கலந்துதான் சீவிக்குது" எண்டு விளக்கம் சொல்லுவான். எனக்கு உந்தக் கலப்புக் கதையள் ஒண்டும் ஏறிறதில்லை.

சரி, விசயத்துக்கு வாறன்.

ஒருநாள் வந்து சொன்னான், அம்மா எனக்கு ஒரு பிள்ளையைப் பிடிச்சிருக்கு எண்டு. எனக்கு நெஞ்சு பக்கெண்டுது. எந்த வெள்ளைச்சியோ எண்டு. "தமிழ்ப் பிள்ளைதான், சாம்பவி எண்டு பேர், கோல்டிங்கிலை இருக்கினம்" எண்டான். ஐயோ தம்பி, எனக்கு வந்த புழுகத்துக்கு அளவில்லை. வைரவருக்கு வடைமாலை போட்டனான். எங்கடை சிநேகிதியளின்ரை பிள்ளையள் போலந்துக்காறி, பிலிப்பைன்ஸ்காறி எண்டு கட்டியிருக்க, என்ரை பிள்ளை தமிழிலை பிடிச்சிட்டானே எண்டு.

அவையும் நல்ல மாதிரி. தேப்பன் நாகேந்திரம், தாய் சரோசா. ஒற்றைப் பெட்டை. தேப்பன் அதிகம் கதையார். எந்த நேரமும் கோட்டுப் போட்டுக்கொண்டு, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, எண்ணி எண்ணிக் கதைக்கிற மனுசன். ஊர் எது எண்டு கேட்டம். "ரவுணிலை இருந்தனாங்கள்" எண்டவர். ரவுண் எண்டால் யாழ்ப்பாணப் பட்டினம். ரவுணிலை எவ்விடம் எண்டு கேக்க, "பிரச்சினையோடை இடம் மாறி மாறி இருந்தனாங்கள், அக்கா, எந்த இடமெண்டு சொல்லுறது" எண்டு சரோசா சிரிச்சவள். அவ்விடத்திலையே எனக்குப் பொறி தட்டியிருக்கோணும். தட்டேல்லை. ஆசை கண்ணை மறைச்சிட்டுது. சாதகம் பாத்தம், பொருத்தம் திறம் எண்டு சாத்திரியார் சொல்லிட்டார்.

தட்டு மாத்திறதுக்கு முதல் ரண்டு வீட்டாரும் ஒருநாள் சேந்து எங்கையாவது போவம் எண்டு பேச்சு வந்தது. எங்கை போறது? கோயிலுக்குப் போவம் எண்டன் நான். ஆரூரன் கேக்கேல்லை. "எல்லாரும் என்ரை வேலை என்னெண்டு கேக்கிறியள், வாங்கோ காட்டிறன்" எண்டு எங்களைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். சம்பந்தம் பேசப்போற ஆக்களைச் சேத்துக்குள்ளை இறக்கின முதல் மாப்பிள்ளை அவனாத்தான் இருப்பான்.

ஐப்பசிக் குளிர். நெஞ்சு மட்டும் வாற றபர் காற்சட்டை இருக்கெல்லோ, நீங்களும் போட்டிருப்பியள். நானும் சரோசாவும் சீலைக்கு மேலை அதைப் போட்டனாங்கள். கொய்யகத்தை எல்லாம் சுருட்டி உள்ளுக்குள்ளை அடைய, ரண்டுபேரும் நெல்லு மூட்டை மாதிரி நிக்கிறம். ஆளையாள் பாக்கிறம், சிரிப்புத் தாங்கேலாமல் கிடக்கு. சேறு காலைப் பிடிச்சு இழுக்குது, விழப்போறன் எண்டு நான் அவளின்ரை கையைப் பிடிக்க, அவள் என்ரை கையைப் பிடிக்க, இப்பிடியே கோத்துக்கொண்டு சிப்பித் திட்டி மட்டும் நடந்தம். பொய் சொல்லப்படாது, தம்பி. அண்டைக்கு நான் சிரிச்ச மாதிரி இந்த நாட்டுக்கு வந்து ஒருநாளும் சிரிக்கேல்லை.

திட்டியிலை நிண்டு ஆரூரன் விளக்கம் எல்லாம் சொல்லிப்போட்டு, ஆளுக்கொரு சின்னக் கத்தி தந்தான். திறந்து பாருங்கோ எண்டு. எங்கை திறக்கிறது! கல்லு மாதிரிக் கிடக்கு. எங்கடை இவருக்குத்தான் எடுப்பு. இருவத்தஞ்சு வருசம் மீன் பக்டரி, எனக்கே சொல்லித் தாறாய் எண்டு போட்டு நெம்பினார். பக்டரியிலை இவர் செய்தது பெட்டி அடுக்கிற வேலை. கத்தி சறுக்கி உள்ளங்கையைக் கிழிச்சுக்கொண்டு போச்சு. இரத்தம் எண்டால் இரத்தம். ஐயோ எண்டு நான் கத்த, பிள்ளையள் ஓடிவர, அதுக்கிடையிலை நாகேந்திரம் அண்ணை தன்ரை கழுத்துப்பட்டியைக் கழட்டி இவற்றை கையிலை சுத்தி இறுக்கிக் கட்டிட்டார். "ஒண்டுமில்லை அண்ணை, ஒண்டுமில்லை, கையை மேலை பிடியுங்கோ" எண்டு. பிறகு இவருக்கு வெக்கமா இருக்கப்படாதெண்டு நினைச்சாரோ என்னவோ, விழுந்த கத்தியை எடுத்தார்.

அதோடைதான் எல்லாம் முடிஞ்சுது.

அந்த மனுசன் குந்தின குந்து இருக்கே! கோட்டும் போட்டுக்கொண்டு, குதி ரண்டும் சேத்திலை பதிய, கிணத்தடியிலை குந்தின மாதிரி. இடக்கையிலை சிப்பி. பின்பக்கத்திலை, பூட்டு இருக்கிற இடத்திலை கத்தி நுனியை வைச்சு ஒரு திருப்பு. டக். பெருவிரலாலை ஒரு வழிப்பு, கடல் தண்ணியிலை ஒரு அலசல், நீட்டினார். "இந்தா மோனை." அடுத்தது. டக். "இந்தா பிள்ளை." கையைப் பாக்கவும் இல்லை. எங்களைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு, கை தன்ரை பாட்டிலை போகுது. வாய் திறந்து நாலு சொல்லுக் கதையாத மனுசன் சளசளவெண்டு கதைக்கிறார், காத்து திரும்புது எண்டுறார், இது என்ன பெரிய சிப்பி எண்டுறார். அவற்றை தமிழே மாறிப்போச்சு. எண்ணிக் கதைக்கிற தமிழ் எங்கையோ போயிட்டுது. அவ்வளவு சந்தோசம் மனுசனுக்கு. ஆரூரன் வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறான், "மாமா, எனக்குச் சொல்லித் தாங்கோ" எண்டு.

நானும் ரண்டு சாப்பிட்டனான். தேசிக்காய்ப் புளி விட்டு. நல்லாத்தான் இருந்தது. மூண்டாவது கையிலை இருக்கேக்கைதான் எனக்கு ஓடி வெளிச்சுது.

உங்களுக்கு விளங்கேல்லைப்போலை. எப்பிடிச் சொல்லுறது. அது பழகின கை, தம்பி. ஒரு நாள் ரண்டு நாள் பழகின கை இல்லை. தேப்பன் பழக்கி, தேப்பனுக்குத் தேப்பன் பழக்கி வாற கை. எங்கடை ஆக்களிட்டை அந்தக் கை இருக்காது. எங்கடை ஆக்கள் மீனைக் கறியாத்தான் கண்டவை.

நான் சாதாரணமாத்தான் கேட்டனான். சிரிச்சுக்கொண்டுதான் கேட்டனான். "அண்ணை, உது எங்கை பழகினது?" எண்டு.

அவற்றை கை நிண்டுது. பாதி திறந்த சிப்பி கையிலை. "சின்னனிலை…" எண்டார். "எல்லாரும் செய்யிறதுதானே" எண்டார்.

"எங்கடை பக்கத்திலை ஒருதரும் செய்யிறதில்லை அண்ணை" எண்டன். அப்பவும் சிரிச்சுக்கொண்டுதான். கேட்டுப் பாருங்கோ இவரை.

அந்தப் பாதிச் சிப்பியைத் தண்ணிக்குள்ளை வைச்சிட்டார். கத்தியைத் துடைச்சு, பிடிப் பக்கத்தை நீட்டி ஆரூரனிட்டைக் குடுத்திட்டு எழும்பினார். என்ரை கையிலை அந்த மூண்டாவது கிடக்கு. என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை, மெல்லச் சரிச்சுத் தண்ணிக்குள்ளை விட்டிட்டன். சரோசா கண்டிட்டாள். திரும்பி வரேக்கை அவள் என்ரை கையைப் பிடிக்கேல்லை. நான் ஒருக்கால் வழுக்கினனான், அப்பவும் பிடிக்கேல்லை. பாத்தீங்களே குணத்தை!

நான் சாதி பாக்கிறவள் எண்டு நினைக்காதேங்கோ. இந்த நாட்டிலை கிழவன் கிழவியளின்ரை பீ மூத்திரம் அள்ளினனான், எனக்கென்ன சாதி? எனக்கு மறைச்சதுதான் கோவம். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைக்கலாமோ? முதலே சொல்லியிருந்தால் என்ன? சொல்லியிருந்தால் நாங்கள் முதலே வேண்டாமெண்டிருப்பம், ஒருதருக்கும் மனவருத்தம் இல்லை. அதோடை நான் பாக்காட்டியும் ஊர் பாக்குமெல்லோ. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. லண்டனிலை என்ரை ஒண்டுவிட்ட தங்கச்சி இருக்கிறாள், அவளுக்குத் தெரியாத குடும்பம் யாழ்ப்பாணத்திலை இல்லை. கேட்டன். மற்ற நாளே எல்லாம் வந்திட்டுது. எந்தக் கரை, எந்தக் கோயில், தேப்பனுக்கு எத்தினை வள்ளம், எல்லாம்.

நான் சண்டைக்குப் போகேல்லை. மரியாதையான வழி ஒண்டு இருக்கெல்லோ. சாத்திரியாரிட்டைப் போய், அவசரத்திலை பாத்தனீங்கள், இன்னொருக்கால் வடிவாப் பாருங்கோ எண்டன். வடிவாப் பாக்கச் செவ்வாய் வந்திட்டுது. செவ்வாய் இருக்கு, பொருந்தாது எண்டு சரோசாவுக்குப் போனிலை சொன்னன். அவள் ஒண்டும் கேக்கேல்லை. "சரி அக்கா" எண்டு வைச்சிட்டாள்.

அந்தக் கிழமையே நாகேந்திரம் அண்ணை எங்கடை வீட்டுக்கு வந்தார். தனிய. கோட்டுப் போட்டு வந்தவர், கழுத்துப்பட்டி இல்லை. அது இரத்தத்தோடை எங்கடை குப்பைவாளிக்குள்ளை போயிட்டுது. இருங்கோ எண்டன், இருக்கேல்லை. தேத்தண்ணி ஊத்தினன், நல்ல கப்பிலைதான் ஊத்தினன், குடிக்கேல்லை. நிண்டபடி சொன்னார், "தங்கச்சி, மறைச்சது நான். பிள்ளை இல்லை. பிள்ளைக்கு உந்தக் கதையள் ஒண்டும் தெரியாது, நாங்கள் சொல்லி வளக்கேல்லை. உங்கடை ஆக்களுக்கு முன்னாலை என்னைக் காட்ட வெக்கமெண்டால், நான் கலியாணத்துக்கு வராமல் விடுறன். தாலி கட்டேக்கை நான் இல்லாட்டியும் பரவாயில்லை."

நான் என்ன சொல்லுறது, சொல்லுங்கோ. "சாதகம் பொருந்தேல்லை அண்ணை" எண்டன். வேறை என்ன சொல்லேலும்? இவர் எழும்பி அவரைக் கார் மட்டும் கூட்டிக்கொண்டு போனார். கார் மட்டும் போற மனுசன் இருண்டாப் பிறகுதான் திரும்பி வந்தார்.

ஆரூரன் வந்தான். நான் அடுப்படியிலை பால் வைச்சுக்கொண்டு நிக்கிறன்.

"அம்மா, என்ன பிழை?"

"சாதகம் பொருந்தேல்லையாம்."

"போன மாசம் பொருந்தினது."

நான் பாலைத் துழாவினன்.

"மாமா சிப்பி திறந்ததுதானே?" எண்டான். பிடிச்சிட்டான். நான் பாலையே பாத்துக்கொண்டு நிக்கிறன். "நான் எல்லோ எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனனான். நான் கோயிலுக்கு ஓமெண்டிருந்தால் இது ஒண்டும் வந்திராது" எண்டு சொல்லிப்போட்டு அழுதான், தம்பி. சின்னனிலை சைக்கிளாலை விழுந்து முன்பல்லு உடைஞ்சதுக்கும் அழாத பிள்ளை. போய்க் கட்டிப்பிடிச்சு, உன்ரை பிழை இல்லையடா எண்டு சொல்லத்தான் நினைச்சனான். பால் பொங்கிவந்திட்டுது. அதை இறக்கி வைச்சிட்டுத் திரும்ப ஆள் இல்லை. வாசல் கதவு திறந்து கிடக்கு.

அவ்வளவுதான். கொம்யூனிலை, அதான் நகரசபையிலை, போய்க் கையெழுத்து வைச்சுக் கட்டினவையாம். எனக்கு அழைப்பு வந்தது, இல்லையெண்டு சொல்லேல்லை. ஆரூரன் அனுப்பேல்லை, அந்தப் பிள்ளைதான் அனுப்பினது. நான் அண்டைக்குத் தலையிடி எண்டு படுத்திட்டன். இவருக்கு அண்டைக்கெண்டு பழைய சிநேகிதன் ஒருதனுக்கு வருத்தம், காய்ச்சலாம், பாக்கப் போகோணுமாம். நல்ல வேட்டி உடுத்திக்கொண்டு வருத்தம் பாக்கப் போனார்.

எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறார். சனிக்கிழமையளிலை மீன் பிடிக்கப் போறன் எண்டுவார். இந்த மூண்டு வருசத்திலை ஒரு மீன் வீட்டுக்கு வந்ததில்லை. "ஒண்டும் படேல்லையப்பா" எண்டுவார். ஆளிலை அடிக்கிறது முழுக்கச் சிப்பி மணம். ரண்டு சம்பந்தியளும் சேந்து சேத்துக்குள்ளை குந்தியிருந்து திறந்து திண்டுபோட்டு வருகினம். இப்ப இவரும் வடிவாத் திறக்கப் பழகிட்டாராக்கும், கையிலை புதுக் காயம் ஒண்டையும் காணேல்லை. அதுதான், தம்பி, உந்த மணம் எனக்கு ஆகாது எண்டது.

கேக்கலாம்தானே எண்டு நினைக்கிறீங்கள். எப்பிடிக் கேக்கிறது? கேட்டால் எனக்குத் தெரியும் எண்டாகிடும். தெரிஞ்சால் நான் சண்டை பிடிக்கோணும். சண்டை பிடிச்சால் அவர் போறதை விட்டிடுவார். விட்டிட்டாரெண்டால் எனக்கு ஆர் இருக்கினம்?

போன வருசம் ஒரு சனி, வந்து சேட்டைக் கழட்டிப் போட்டார். மிசினுக்குள்ளை போடுவமெண்டு எடுக்கிறன், சிப்பி மணத்துக்குள்ளாலை வேறை ஒரு மணம். தோளிலை, இந்த இடத்திலை. பால் கக்கின மணம். பிள்ளை பெத்தவளுக்குத் தெரியாதே? சேட்டைப் பிடிச்சுக்கொண்டு குளியலறைக்குள்ளை இருந்தன். எவ்வளவு நேரமெண்டு தெரியாது, இவர் கதவிலை தட்டினார், வயித்துக்குள்ளை சுகமில்லையோ எண்டு. ஓமெண்டன்.

அதுக்குப் பிறகு சனிக்கிழமைச் சேட்டை நான் உடனை தோய்க்கிறதில்லை. மிசினுக்குள்ளை தனிய வைச்சிருப்பன். இவர் ஏனெண்டு கேட்டதுமில்லை.

ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டும் தெரியாமல் கிடந்தது. கோயிலிலைதான் ஒருத்தி வந்து, "பேத்தியாமே, வாழ்த்துக்கள்" எண்டாள். என்ரை முகத்தைப் பாக்கிறதுக்கெண்டே வந்தவள். "ஓம், ஓம்" எண்டு தீபத்தைப் பாத்துக் கும்பிட்டன். பேரென்ன எண்டு அவளிட்டையே கேக்கேலுமோ? என்ரை பேத்தியின்ரை பேரை?

பிறகு போன கிழமை. எஸ்பியரிலை எங்கடை தமிழ்க் கடை. நான் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நிக்கிறன். கதவு திறந்து பிள்ளை வண்டில் ஒண்டு வருது, தள்ளிக்கொண்டு சரோசா. மெலிஞ்சு போனாள். கடைக்குள்ளை நாலைஞ்சு சனம், எல்லாருக்கும் எல்லாம் தெரியும். கடைக்காறன்ரை மனுசி வசந்தமலர், அவளுக்கு வாயிலை நஞ்சு, "பிள்ளை ஆரைப்போலை?" எண்டு கேட்டாளே ஒரு கேள்வி.

சரோசா என்னைப் பாத்தாள். பாத்திட்டு வண்டிலை என்ரை பக்கம் திருப்பினாள். "அக்கா, நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ" எண்டாள்.

பாத்தன், தம்பி. என்ரை நெத்தி. அச்சு அசல் என்ரை நெத்தி. ஆரூரன்ரை கண். பிள்ளை என்னைப் பாத்துச் சிரிச்சுப்போட்டு என்ரை கோட்டுப் பட்டனைப் பிடிச்சுக்கொண்டுது. எல்லாரும் பாக்கினம். "எனக்கென்ன தெரியும்" எண்டு வந்திட்டுது. அதுதான் வந்தது. விரலைக் கழட்டினன். மற்றக் கையாலை பிடிக்குது. அதைக் கழட்ட இதாலை பிடிக்குது. என்ன பிடி! ஒண்டொண்டாக் கழட்டி வண்டிலுக்குள்ளை வைச்சிட்டு, பொறுக்கின முருங்கைக்காயையும் விட்டிட்டு வெளியிலை வந்திட்டன். பின்னாலை பிள்ளை வீறிட்டு அழுகுது. காது குடுத்துக் கேட்டன், பேர் சொல்லித் தேத்துவாள் எண்டு. கதவு சாத்திட்டுது, கேக்கேல்லை.

நீங்களே சொல்லுங்கோ. சரோசா எல்லோ சொல்லியிருக்கோணும்? "உங்கடை பேத்தி, அக்கா, தூக்குங்கோ" எண்டு ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு வாய் தேஞ்சிடுமோ? பாத்துச் சொல்லுங்கோ எண்டால் என்ன கருத்து? நான் வாய் திறந்து கேக்கோணுமாக்கும். அந்த எடுப்பைப் பாருங்கோ!

நானோ? நான் எங்கை போறன் எண்டு கேக்கிறீங்கள். கோல்டிங்குக்குத்தான். இண்டைக்கு இவர் விடியவே வாளியும் கத்தியுமா வெளிக்கிட்டிட்டார். நாகேந்திரம் அண்ணையும் கடலுக்குத்தான் வந்திருப்பார். அப்ப மகன்ரை வீட்டிலை அவனும் சாம்பவியும் பிள்ளையும்தான். இவர் ஒருக்கால் போனிலை ஆருக்கோ வழி சொல்லேக்கை கேட்டனான், ஸ்டேசனுக்குக் கிட்டத்தான், பாலம் கடந்து ரண்டாவது வீதி, பச்சைக் கதவு. இந்தா, இதைப் பாருங்கோ. பஞ்சாயுதம். பிள்ளையின்ரை கழுத்திலை காவலுக்குப் போடுறது, அஞ்சு ஆயுதமும் இருக்கு, எண்ணிப் பாருங்கோ. பிறந்து முப்பத்தொண்டாம் நாள் போடோணும். பிள்ளை இப்ப நடக்கப்போகுது, எண்டாலும் தேப்பன்ரை தாய் போடாமல் ஆர் போடுறது? தெரிஞ்ச தட்டானிட்டைச் சொல்லிச் செய்விச்சது. கயிறும் கறுப்பிலை நானே முறுக்கினனான்.

நிண்டிட்டுதோ? ஓம், இதுதான் கோல்டிங். அந்தா, பாலம் தெரியுது.

இறங்குவன், இறங்குவன். சனம் இறங்கட்டும். உந்தச் சைக்கிள்காறன் முதல்லை போகட்டும். பை பாரமில்லைத் தம்பி, நீங்கள் ஏன் எழும்பிறீங்கள், இருங்கோ. போய்க் கதவிலை தட்டினால் ஆர் திறப்பினமோ தெரியாது. அவன் திறந்தால் என்னெண்டு சொல்லுறது? அவள் திறந்தால் வாங்கோ மாமி எண்டுவாள், அது அதைவிடக் கஸ்டம். முதல்லை ஒரு போன் எடுத்துச் சொல்லிப்போட்டு வந்திருக்கலாம். நம்பர் எங்கை இருக்கு என்னட்டை. அவன் மாத்திட்டானெல்லோ. பொறுங்கோ, இதை மடிச்சு உள்ளுக்குள்ளை வைக்கிறன், விழுந்தால் ஒரு ஆயுதம் கழண்டிடும்…

பாத்தீங்களே! பூட்டிட்டான். கண்ணுக்கு முன்னாலை கதவைப் பூட்டிட்டான். போனமுறையும் இப்பிடித்தான். அதுக்கு முதல் முறையும். மூட்டுவருத்தக்காறி ஒருத்தி எழும்ப நேரம் செல்லுமெண்டு ஒரு யோசினை இல்லை. நான் அடுத்த ஸ்டேசனிலை இறங்கித் திரும்பிப் போறன், அது எனக்குப் பழக்கம்தான். என்ன செய்யிறது தம்பி, இவங்கடை ரயில் ஒருதருக்காகவும் நிக்காது.